பட்டம் யாருக்கு? பயன் யாருக்கு?

காலபோக விதைப்பு முடிந்த கையோடு, மீள்குடியேறிய கிராமமொன்றில் நடைபெற்ற மாதர் சங்கக் கூட்டத்துக்கு நாமும் போயிருந்தோம். நிகழ்ச்சி நிரலின் கடைசியில் ஒரு சிறு விடயம் இருந்தது. அக்கிராமத்தில் ஏழு ஆண்டுகளாக வேலை செய்துவரும் கள உத்தியோகத்தரான பெண்பிள்ளை, வேலையை விடாமலே சமூகப்பணியில் முதுமாணிப் பட்டம் படிக்க விரும்பினார். வார இறுதியில் வகுப்பு. வாரத்தில் ஒரு நாள் வேறோர் இடத்தில் களப்பயிற்சி. ஆகவே மூன்று ஆண்டுகளுக்கு அவர் கிராமத்தில் நிற்கும் நாட்கள் குறையும். "இதுக்குச் சங்கம் சம்மதிக்குதா?" என்று தலைவி கேட்டார்.

சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்னர் பின்வரிசையில் இருந்த முதிய தாய் ஒருவர் எழுந்தார். "சுவாமி, எங்கட கண்ணீரைத் துடைக்க அந்தப் பிள்ளைக்கு இவ்வளவு நாளும் ஒரு பட்டமும் தேவைப்படேல்லை. இப்ப என்னத்துக்கு? படிச்சு முடிஞ்சால் பிறகும் எங்கட கொட்டிலுக்குள்ள வந்து பாயில இருக்குமோ, இல்லாட்டிக் கொழும்பில கதிரை தேடுமோ?" என்று கேட்டார்.

அன்று நாம் சொன்ன பதில் எமக்கே நிறைவாக இருக்கவில்லை. 'படிப்பு நல்லது, அம்மா' என்று பொதுவாகச் சொல்லிக் கூட்டத்தை முடித்தோம். வீடு திரும்பும் வழியில்தான் அந்தத் தாய் கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்று உணர்ந்தோம். ஆகவே அக்கேள்வியை இங்கே மீண்டும் எடுத்து, நீங்களும் உங்கள் சங்கங்களில் பேசக்கூடிய வகையில் எமது மனதிலுள்ளதைச் சொல்ல விரும்புகிறோம்.

எமது கருத்தைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வேலை செய்துகொண்டே சமூகப்பணிப் பட்டம் படிப்பதை நாம் ஆதரிக்கிறோம். ஆனால் அது பணியாளரின் சொந்த முன்னேற்றத்துக்கான அலுவல் மட்டுமல்ல; அவர் யார் மத்தியில் வேலை செய்கிறாரோ அந்த மக்களும் நிபந்தனை சொல்ல உரிமை உடைய அலுவலாகும்.

சந்தேகம் எங்கிருந்து வந்தது?

எமது வாசகர்களிற் பலர் ஒருமுறை அல்ல, பலமுறை இடம்பெயர்ந்தவர்கள். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியோர் இருக்கிறீர்கள். அதே ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் காலங்கழித்த முஸ்லிம் குடும்பங்கள் இருக்கின்றன. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு மழையில் நடந்தோர், 2006இல் சம்பூரிலிருந்து ஓடியோர், 2009இல் மெனிக் பாம் முகாமின் கம்பி வேலிக்குள் இருந்தோர் எல்லாரும் இதனை வாசிக்கிறீர்கள். சிலர் திரும்பி வந்து வயல் விதைக்கிறீர்கள். சிலருக்குச் சொந்தக் காணி இன்னமும் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், கால் வைக்க முடியாததாகவே இருக்கிறது.

இத்தனை இடங்களிலும் உங்களைத் தேடி வந்தவர்கள் பலர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு படிவம் இருந்தது. குடும்பத்தில் எத்தனை பேர், இழந்தது என்ன, எத்தனை ஏக்கர், எத்தனை மாடு என்ற அதே கேள்விகளுக்கு நீங்கள் ஆண்டுதோறும் பதில் சொன்னீர்கள். கேட்டவர்கள் அடுத்த ஆண்டு வேறு நிறுவனத்துக்கு, வேறு மாவட்டத்துக்கு, சிலவேளை வேறு நாட்டுக்குப் போய்விட்டனர். ஆகவே 'படிக்கப் போகிறார்' என்றவுடன் 'போகிறார்' என்ற பாதிதான் உங்கள் காதில் விழுகிறது. அதை நாம் குறை சொல்ல மாட்டோம்.

எனினும் இதன் மறுபக்கத்தையும் சொல்ல நாம் கடமைப்பட்டுள்ளோம். நல்ல மனம் மட்டும் போதும் என்று எண்ணிய காலம் எமக்கும் இருந்தது. போர் முடிந்த அடுத்த ஆண்டு, இடைத்தங்கல் முகாமொன்றில் உலருணவுக்கான பதிவை நாமே செய்துகொண்டிருந்தோம். வரிசையில் வந்த இளம் தாய் ஒருவரிடம், படிவத்தில் இருந்தபடியே, 'கணவர் எப்படி இறந்தார்?' என்று அத்தனை பேர் முன்னிலையிலும் கேட்டோம். அவர் எம்மைப் பார்த்தார். பதில் சொல்லவில்லை. பதிவட்டையையும் எடுக்காமல் திரும்பிப் போய்விட்டார். அவருடைய பிள்ளைகளுக்கு இரண்டு கிழமையாக எமது அரிசி போய்ச் சேரவில்லை என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். கணவர் இறந்துவிட்டார் என்பதையே அவர் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் அப்போதுதான் அறிந்தோம்.

எமக்கு அந்தத் தாய்மீது இரக்கம் இருந்தது. ஆனால் எதைக் கேட்பது, எங்கே வைத்துக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்ற பயிற்சி இருக்கவில்லை. அந்தப் பயிற்சியின்மைக்கு விலை கொடுத்தவர்கள் நாம் அல்லர், அந்தப் பிள்ளைகளே.

வேலை செய்தவர்களுக்காகப் பிறந்த படிப்பு

சமூகப்பணி என்பது பல்கலைக்கழகத்தில் பிறந்து, பின்னர் ஏழைகளிடம் இறங்கி வந்த பாடம் என்று பலர் எண்ணுகின்றனர். வரலாறு அப்படியல்ல.

1889இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரில், பிறநாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பகுதியில், ஜேன் அடம்ஸ் என்ற பெண் தன் தோழியுடன் சேர்ந்து 'ஹல் ஹவுஸ்' என்னும் வீட்டைத் திறந்து, அயலவராக அங்கேயே வாழத் தொடங்கினார். பின்னாளில், 1931இல், நோபல் சமாதானப் பரிசு பெற்றவர் இவர். அதே 1889இல் பல்ரிமோர் நகரில் இருந்த தரும நிறுவனமொன்றின் நிதி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் மேரி றிச்மண்ட். இவர் பல்கலைக்கழக வாசலை மிதிக்காதவர். பாடசாலைப் படிப்போடு கணக்கு எழுதும் வேலைக்கு வந்தவர். ஏழைக் குடும்பங்களின் வீடுகளுக்குப் போகும் பணியாளர் ஒவ்வொருவரும் முன்னையவர் விட்ட பிழைகளையே மீண்டும் விட்டு, அந்தக் குடும்பங்களின் செலவில் வேலை பழகுகின்றனர் என்பது அவருடைய கவலையாக இருந்தது. பயிற்சிப் பாடசாலை ஒன்று வேண்டும் என்று அவர் 1897இல் பகிரங்கமாகக் கேட்டார். அடுத்த ஆண்டு, 1898இல், நியூயோர்க்கில் ஆறு வாரக் கோடைகால வகுப்பு ஆரம்பமாயிற்று. அது வளர்ந்து இன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமூகப்பணிக் கல்லூரியாக நிற்கிறது. 1917இல் றிச்மண்ட் எழுதிய பெரிய நூல், ஒரு குடும்பத்தின் நிலையை எவ்வாறு பொறுமையாக விளங்கிக்கொள்வது என்பதைச் சொல்லும் முதல் பாடநூல்களில் ஒன்றாயிற்று.

எமது அயல்நாட்டிலும் இதே கதைதான். பம்பாயின் நாக்பாடா என்ற நெருக்கமான நகர்ப்பகுதியில் அயலவர் நிலையமொன்றை நடத்திவந்த கிளிபோர்ட் மான்ஷார்ட் என்பவரே, 1936இல் அந்நகரில் தாற்றா நிதியத்தின் உதவியுடன் தொடங்கிய சமூகப்பணிக் கல்லூரியின் முதற் பணிப்பாளரானார். இலங்கையில் 1952இல் கொழும்பில் சமூகப்பணிப் பயிற்சி நிறுவனம் ஆரம்பமானது. 1992ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் அது தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் என்ற வடிவம் பெற்றது. சுனாமிக்கு அடுத்த ஆண்டான 2005இல் இளமாணிப் பட்டமும், 2008இல் முதுமாணிப் பட்டமும் அங்கே தொடங்கின. அதாவது முதற் பயிற்சிக்கும் முதற் பட்டத்துக்கும் இடையில் 53 ஆண்டுகள் போயின. எமது மக்கள் அதிகமாக அலைந்து திரிந்த ஆண்டுகளும் அந்த இடைவெளிக்குள்தான் அடங்குகின்றன.

இதனை ஏன் சொல்கிறோம்? வேலை செய்துகொண்டு படிப்பது இரண்டாந்தரப் படிப்பு அல்ல என்பதை நீங்கள் அறியவேண்டும். இந்தத் துறையே வேலைத்தலத்தில் பிறந்தது. முழுநேரமாகப் படிக்கும் இளைஞர் ஒருவர் முதலில் பாடத்தைப் படித்துவிட்டுப் பின்னர் மனிதரைத் தேடுகிறார். எமது கள உத்தியோகத்தரோ ஏழு ஆண்டு மனிதரைப் பார்த்த பின்னர் பாடத்தைத் தேடுகிறார்.

அங்கே என்ன படிப்பிக்கிறார்கள்?

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்று எமது முன்னோர் சொன்னார்கள். அது உண்மை. ஆனால் வயலில் கபில நிறத் தத்தி விழுந்தால் அனுபவமுள்ள கமக்காரரும் விவசாயப் போதனாசிரியரைத் தேடுகிறார். மண்ணைப் பற்றி அவருக்குத் தெரியாது என்பதல்ல. பயிரின் அடித்தண்டில் என்ன நடக்கிறது, ஏன் ஒரு மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் நோய் கூடுகிறது என்பதை இன்னொருவர் வேறு பல வயல்களில் பார்த்துக் கற்றிருக்கிறார். இரண்டு அறிவும் சேர்ந்தாற்றான் விளைச்சல் தப்பும்.

சமூகப்பணிப் படிப்பில் தனி ஆளோடு வேலை செய்வது, குழுவோடு வேலை செய்வது, முழுச் சமுதாயத்தோடும் வேலை செய்வது என்று மூன்று வழிகள் கற்பிக்கப்படுகின்றன. அவற்றோடு சட்டம், அரச நிருவாகம், மனநலம், ஆய்வு முறை ஆகியனவும் உண்டு. இவை உங்கள் முற்றத்தில் எவ்வாறு தெரியும் என்பதற்குச் சில உதாரணங்கள் சொல்கிறோம்.

முதலாவது, இரகசியம் காத்தல். ஒரு வீட்டில் கேட்டதை அடுத்த வீட்டில் சொல்லாதிருப்பது நல்ல குணம் மட்டுமல்ல, தொழிலின் விதி என்று அங்கே கற்கின்றனர். நாம் வரிசையில் வைத்துக் கேட்ட கேள்வியை, பயிற்சி பெற்றவர் ஒருவர் ஒரு மர நிழலில், தனியாக, வேறு விதமாகக் கேட்டிருப்பார். அல்லது அன்று கேட்காமலே விட்டிருப்பார்.

இரண்டாவது, எந்தக் கதவைத் தட்டுவது என்று அறிதல். கணவர் காணாமற்போன ஒரு பெண்ணுக்கு மரணச் சான்றிதழ் இல்லாமல் காணி அலுவலோ வங்கி அலுவலோ நகர்வதில்லை. மரணச் சான்றிதழ் எடுப்பதோ அவருடைய நெஞ்சுக்குச் சம்மதமில்லை. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் கீழ், 'இறந்தார்' என்று எழுதாமல் 'காணாமற்போயுள்ளார்' என்று பதிந்து சான்றிதழ் பெற ஒரு வழி உண்டாக்கப்பட்டது. இதனை அறிந்த பணியாளர், 'கையெழுத்து வையுங்கோ அம்மா, உதவி கிடைக்கும்' என்று அவசரப்படுத்த மாட்டார். இரண்டு வழிகளையும் விளக்கிவிட்டு, முடிவை அந்தப் பெண்ணிடமே விடுவார்.

மூன்றாவது, வராதவரைக் காணுதல். கூட்டத்துக்கு வருபவர்களையும் பேசுபவர்களையும் எல்லாரும் காண்கிறோம். நுண்கடன் தவணை கட்ட முடியாமல் வீட்டுக்குள் ஒளிந்திருப்பவர், மாற்றுத்திறனாளியான மகனை விட்டுவிட்டு வெளியே வர முடியாதவர், குடிக்கும் கணவருக்குப் பயந்து வேலிக்கு அப்பால் வராதவர் ஆகியோரை யார் காண்பது? வெற்றுக் கதிரைகளை எண்ணிப் பார்க்கும் பழக்கம் பயிற்சியால் வருவது.

நான்காவது, பணியாளர் தம்மைத் தாமே காத்தல். நாள்தோறும் பிறர் துயரைக் கேட்பவர் சில ஆண்டுகளில் ஒன்று கல்லாகிவிடுகிறார், அல்லது உடைந்துவிடுகிறார். இரண்டையும் நாம் எமது நிறுவனங்களிலேயே கண்டிருக்கிறோம். மேற்பார்வை என்று இந்தத் துறையில் சொல்வது வரவுப் பதிவேட்டைச் சரிபார்ப்பதை அல்ல. அனுபவமுள்ள ஒருவரிடம் கிழமைக்கு ஒரு தடவையாவது இருந்து, தான் எங்கே தடுமாறினேன் என்று பணியாளர் மனந்திறந்து பேசுவதை. பகுதிநேரப் படிப்பில் அது பாடநெறியின் ஓர் அங்கமாகவே வருகிறது.

கடினமான கணக்கு

இவ்வளவும் சொன்ன பிறகு, சுமையையும் மறைக்கக்கூடாது.

முதுமாணி என்பது முதற்பட்டத்துக்கு மேற்பட்டது. முழுநேரமாகப் படித்தால் இரண்டு ஆண்டு எடுப்பது, பகுதிநேரமாக மூன்று, நான்கு ஆண்டுகளாக நீள்கிறது. பெரும் பாரம் வகுப்பு அல்ல, களப்பயிற்சியே. அமெரிக்காவில் இப்பட்டங்களுக்கு அங்கீகாரம் வழங்கும் சபை குறைந்தது 900 மணித்தியாலக் களப்பயிற்சியை விதித்துள்ளது. ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம் என்று வைத்தால் ஏறக்குறைய 112 நாட்கள். வாரத்தில் ஒரு நாளை மட்டும் ஒதுக்கக்கூடிய ஒருவருக்கு அது 2 ஆண்டுகளுக்கு மேல். பாடநெறிக்குப் பாடநெறி இக்கணக்கு மாறும். ஆனால் களப்பயிற்சியே இல்லாமல் சமூகப்பணிப் பட்டம் தருவதாக யாராவது சொன்னால் அதை நம்பாதீர்கள். நீரில் இறங்காமல் நீந்தப் பழக்குவதாகச் சொல்வதற்கு அது ஒப்பாகும்.

'அவர் செய்யும் வேலையையே களப்பயிற்சியாகக் கணக்கிட்டால் என்ன?' என்று கேட்கலாம். சில பாடநெறிகள் அதற்கு இடமளிக்கின்றன. ஆனால் நாள்தோறும் செய்ததையே மீண்டும் செய்து புள்ளி பெறுவதில் பயனில்லை. அதே நிறுவனத்தில் என்றாலும் வேறு வேலை, வேறு மேற்பார்வையாளர் இருக்கவேண்டும். கிராமத்தில் விதைநெற் கடன் கவனித்தவர் வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் சில மாதம் நிற்கலாம்; சிறுவர் இல்லமொன்றில் நிற்கலாம். அங்கிருந்து திரும்பி வரும்போது பழைய கிராமத்தையே புதிய கண்ணால் காண்பார்.

அடுத்தது தூரம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். 'வார இறுதி வகுப்பு' என்று விளம்பரத்தில் எழுதுவது இலகு. வெள்ளி இரவு பஸ் ஏறி, சனியும் ஞாயிறும் வகுப்பிலிருந்து, ஞாயிறு இரவு பஸ்ஸில் தூங்கி, திங்கள் காலை களத்தில் இறங்குவது எவ்வளவு காலத்துக்கு முடியும்? கைக்குழந்தை உள்ள பெண் அதனைச் செய்வது எப்படி? பகுதிநேரப் படிப்பு என்பது நேரத்தை மட்டுமல்ல, இடத்தையும் பொறுத்தது. 1980இல் திறந்த பல்கலைக்கழகம் நிறுவப்பட்டு, யாழ்ப்பாணம் போன்ற இடங்களில் பிராந்திய நிலையங்கள் திறக்கப்பட்டபோது, தொழில் செய்வோர் ஊரில் இருந்துகொண்டே படிக்கலாம் என்பது எமது நாட்டிலும் நிரூபிக்கப்பட்டது. சமூகப்பணிப் படிப்பும் வவுனியாவுக்கோ கிளிநொச்சிக்கோ மட்டக்களப்புக்கோ வகுப்பறையைக் கொண்டுவர வேண்டும் என்று கேட்பது பேராசை அல்ல.

மூன்றாவது மொழி. உங்கள் துயரைத் தமிழில் கேட்டு, ஆங்கிலத்தில் எழுதி, பின்னர் உங்களுக்கே தமிழில் விளக்க முடியாமல் நிற்பவரை நாம் கண்டிருக்கிறோம். ஆங்கிலம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. உலகத்து நூல்கள் அதில்தான் பெரும்பாலும் உள்ளன. ஆனால் களத்து ஏடும் கலந்துரையாடலும் மக்கள் பேசும் மொழியில் இருக்கவேண்டும்.

நான்காவது பணம். கட்டணம், பயணம், புத்தகம், குறைந்த நாட்களுக்கு வெட்டப்படும் சம்பளம் எல்லாவற்றையும் பணியாளரின் தலையில் மட்டும் போட்டால், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே இப்படிப்புக்கு வருவார்கள். முகாமில் பிறந்து, தறப்பாளின் கீழ் குப்பிவிளக்கில் படித்துப் பட்டம் பெற்ற எமது பிள்ளைகள் வெளியிலேயே நிற்பார்கள். ஆண்டுதோறும் வாகனத்துக்கும் பயிற்சிப் பட்டறைகளுக்கும் பணம் ஒதுக்கும் எமது நிறுவனங்கள், இரண்டு பணியாளரின் படிப்புக்கு ஒதுக்க முடியாது என்று சொன்னால் அதை ஏற்றுக்கொள்வது கடினம். எம்மையும் சேர்த்தே இதனைச் சொல்கிறோம்.

'படிச்சிட்டுப் போயிடுவினம்'

முதிய தாயின் கேள்வியின் மையம் இதுதான். சிலர் போவார்கள். அதை நாம் மறைக்கவில்லை. திட்டம் முடிந்ததும் சம்பளம் முடிகிறது. அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியாத ஒருவரை 'ஊரைவிட்டுப் போகாதே' என்று கட்டிவைக்க எமக்கு உரிமை இல்லை. அவர்களும் குடும்பம் உள்ளவர்கள்.

ஆனால் முழுநேரப் படிப்புக்காக இரண்டு ஆண்டு வேர் பிடுங்கிப் போனவரைவிட, திங்கள்தோறும் ஊருக்குத் திரும்பியவர் நிலைத்து நிற்கும் வாய்ப்பு அதிகம் என்று நாம் நம்புகிறோம். அவர் சனிக்கிழமை கற்றதைச் செவ்வாய்க்கிழமை உங்கள் முற்றத்தில் பரீட்சித்துப் பார்க்கிறார். பொருந்தாததை அடுத்த சனிக்கிழமை வகுப்பில் எழுந்து சொல்கிறார். அவ்வாறு சொல்லும்போது விரிவுரையாளரும் எமது வாழ்க்கையைப் பற்றிக் கற்கிறார். 2014இல் உலகச் சமூகப்பணி அமைப்புகள் ஏற்றுக்கொண்ட வரைவிலக்கணம், இத்தொழிலின் அடிப்படைகளில் ஒன்றாக அந்தந்த மண்ணின் மக்களுடைய அறிவையும் சேர்த்திருக்கிறது. தண்ணீர் பங்கிடுவதில் வட்ட விதானையின் நியாயம், முகாமில் ஒரே அடுப்பில் ஆறு குடும்பம் சமைத்தபோது நீங்கள் வகுத்த ஒழுங்கு, செத்தவீட்டில் யார் எதைச் செய்வது என்ற முறை இவையெல்லாம் அந்த அறிவில் அடங்கும். ஆகவே நீங்கள் அந்தப் படிப்பின் பொருட்கள் அல்ல. அதன் ஆசிரியர்களில் ஒரு பகுதியினர்.

சங்கங்கள் கேட்கவேண்டியவை

உங்கள் கிராமத்துப் பணியாளர் ஒருவர் இப்படிப்புக்குப் போக விரும்பினால், வெறுமனே 'ஓம்' என்றோ 'இல்லை' என்றோ சொல்லாமல் பின்வருவனவற்றைக் கேளுங்கள்.

வகுப்பு எங்கே, எந்த நாட்களில், எந்த மொழியில்? பட்டத்துக்கு அரச அங்கீகாரம் உண்டா? அங்கீகாரத்தை விளம்பரத் துண்டில் பார்க்காமல் எழுத்தில் உறுதிப்படுத்தச் சொல்லுங்கள். பணம் கட்டிய பின் வருந்திய இளைஞர் பலரை நாம் அறிவோம்.

அவர் இல்லாத நாட்களில் யார் வருவார்? அந்த இடத்துக்குக் கிராமத்துப் பிள்ளை ஒருவரைப் பழக்க முடியுமா? அவ்வாறு பழகும் பிள்ளை உயர்தரம் வரையே படித்தவராக இருக்கலாம். அவருக்கும் சான்றிதழ், டிப்ளோமா, இளமாணி என்று படிப்படியாக ஏறும் வழியைக் காட்டவேண்டும். ஒருவர் மேலே போக, இன்னொருவர் கீழ்ப்படியில் கால் வைக்கவேண்டும்.

எங்களைப் பற்றி எழுதப்போகிறீர்களா? இது மிக முக்கியம். பட்டத்துக்கு ஆய்வுக் கட்டுரை எழுதவேண்டும். உங்கள் கதை அதில் இடம்பெற உங்கள் சம்மதம் தேவை. 'இல்லை' என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அவ்வாறு சொன்னதால் உங்களுக்குரிய எந்த உதவியும் நிற்கக்கூடாது. பெயரையும் அடையாளத்தையும் மறைக்கச் சொல்லுங்கள். எழுதி முடித்ததைச் சமர்ப்பிக்கும் முன், உங்களைப் பற்றிய பகுதியைத் தமிழில் உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

நிறுவனத்தையும் கேளுங்கள்: படித்து வந்த பின்னர் இவரை எங்கே வைக்கப்போகிறீர்கள்? பட்டம் பெற்றவுடன் அலுவலகத்தில் அறிக்கை எழுத இருத்திவிட்டால், கிராமத்திலிருந்து அவரைப் பறித்தது படிப்பு அல்ல, நிறுவனமே. களத்தில் நிற்பவருக்கும் மேசையில் இருப்பவருக்குச் சமமான சம்பளமும் மதிப்பும் கொடுக்காதவரை, நல்ல பணியாளர் எல்லாரும் மேசையை நோக்கியே நகர்வார்கள்.

மீண்டும் அந்தக் கூட்டம்

ஒரு மாதத்துக்குப் பின்னர் அதே சங்கம் மீண்டும் கூடியது. நாமும் போனோம். இம்முறை பொதுவாகப் பேசாமல், மேலே எழுதியவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னோம். அந்தப் பிள்ளையும் எழுந்து, ஒரு வீட்டில் தான் சொன்ன ஆலோசனை பிழையாகப் போனதையும், அதற்குப் பிறகு பல இரவுகள் தூங்காததையும் மறைக்காமல் சொன்னார். "எனக்கு உங்கட அன்பு கிடைக்குது. ஆனால் நான் செய்யிறது சரியோ பிழையோ எண்டு சொல்ல ஒருத்தரும் இல்லை. அதுக்காகத்தான் படிக்கப் போறன்" என்றார். எமது எல்லா விளக்கங்களையும்விட அந்தச் சொல்லே சபையைத் தொட்டது.

சங்கம் சம்மதித்தது. ஆனால் மூன்று நிபந்தனைகளோடு. கர்ப்பிணித் தாய்மாரும் முதியோரும் கூடும் செவ்வாய்க்கிழமையை அவர் தவறவிடக்கூடாது. முன்பள்ளியில் உதவி செய்யும் பெண்பிள்ளை ஒருவரை அவர் கூடவே கூட்டித் திரிந்து பழக்கவேண்டும். ஆய்வுக் கட்டுரையைச் சங்க மண்டபத்தில் வாசித்துக் காட்டிய பிறகே சமர்ப்பிக்கவேண்டும். அறிக்கைப் புத்தகத்தில் இவை எழுதப்பட்டன. கையெழுத்து வைக்கத் தெரியாத முதிய தாய் பெருவிரலை மையில் தொட்டு அடையாளம் வைத்தார். "வாசிக்கேக்க நான் முன்னுக்கு இருப்பன். பிழையெண்டால் சொல்லுவன்" என்றும் சொன்னார்.

இதனைப் பெரிய வெற்றி என்று நாம் சொல்ல வரவில்லை. படிப்பு இன்னும் முடியவில்லை. பஸ் பயணமும் பணத் தட்டுப்பாடும் அந்தப் பிள்ளையை எவ்வளவு தூரம் விடும் என்பது இனித்தான் தெரியும். ஆனால் ஒரு பணியாளரின் படிப்பைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில், அலுவலகத்தோடு கிராமமும் அமர்ந்திருந்ததை நாம் முதன்முறையாகக் கண்டோம்.

அன்பான குடும்பங்களே, அடுத்த போகத்துக்கு முன்னர் உங்கள் சங்கங்களிலும் இதனைப் பேசுங்கள். உங்கள் மத்தியில் வேலை செய்வோரில் யார் படிக்கத் தகுந்தவர், உங்கள் பிள்ளைகளில் யார் அந்த இடத்துக்குப் பழகத் தகுந்தவர், நீங்கள் வைக்கும் நிபந்தனை என்ன என்பதைத் தீர்மானித்து எமக்கு எழுதுங்கள். எழுத முடியாதவர்கள் பிள்ளைகளைக்கொண்டு எழுதுவியுங்கள். நிறுவனங்களிடமும் கல்வி நிலையங்களிடமும் பேசப் போகும்போது, எமது சொந்த யோசனைகளை மட்டும் கொண்டுபோக நாம் விரும்பவில்லை. உங்கள் கடிதங்களையும் கையில் வைத்துக்கொண்டே போக விரும்புகிறோம்.